பட்டணத்து இசைக் குடும்பங்கள் – 9: தனம்மாள் வீட்டுக் கூடம்

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், கும்பினியார் அந்த அரசுக்கே முற்றுப்புள்ளி வைத்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அரண்மனை மானியத்தை நம்பியிருந்த பாடகர்கள், வைணிகர்கள், நட்டுவனார்கள், ஆடல் மகளிர் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அடுத்த வேளைச் சோறு கேள்விக்குறியானது. சிலர் மைசூருக்குப் போனார்கள். சிலர் திருவிதாங்கூருக்குப் போனார்கள். பலர் சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பட்டணத்தில் ராஜா இல்லை. ஆனால் வணிகர்களும் துபாஷிகளும் இருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய, இன்று ஜார்ஜ் டவுன் என்று அழைக்கப்படும் தெருக்களில் செட்டியார்களும் முதலியார்களும் கோமுட்டி வணிகர்களும் பெரிய வீடுகள் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் கோயில் உற்சவத்துக்கும் கச்சேரி வைத்தார்கள். பட்டணத்தின் முதல் சங்கீத நகரம் மயிலாப்பூர் அல்ல, இந்த ஜார்ஜ் டவுன்தான். அங்கே வேரூன்றிய தஞ்சைக் குடும்பம் ஒன்றின் கதைதான் இந்த வாரம். அந்தக் குடும்பத்தின் நடுநாயகம் ஒரு பாட்டி. பெயர் வீணை தனம்மாள்.

பெண் வழி வந்த சொத்து

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் பாடி ஆடிய பாப்பம்மாள்தான் இந்த வம்சத்தில் நமக்குப் பெயர் தெரிந்த மூத்தவர். அவர் வழியில் வந்த காமாட்சி அம்மாள், அதே அரண்மனையில் ஆடியவர். காமாட்சியின் மகள் சுந்தரம்மாள் பாடகி. சுந்தரம்மாளின் மகளாக 1867-இல் சென்னையில் பிறந்தவர் தனம்மாள்.

இந்த வரிசையில் ஆண் பெயர் ஒன்றுகூட வராததைக் கவனித்திருப்பீர்கள். இசை வேளாளர் மரபின் இத்தகைய வீடுகளில் குடும்பம் தாய் வழியாகவே கணக்கிடப்பட்டது. வீட்டுக்குத் தலைவி தாய், அவளுக்குப் பின் மகள். சொத்தும் அப்படி, பாட்டும் அப்படி. பிள்ளைகளின் தலைப்பெழுத்துகூடத் தகப்பனைச் சொல்லாமல் பூர்விக ஊரைச் சொன்னது. பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா, சங்கரன், விசுவநாதன், ரங்கநாதன் என்று பின்னால் புகழ்பெற்ற பேரன் பேத்திகள் அத்தனை பேருக்கும் முன்னால் நிற்கும் எழுத்து தஞ்சாவூரைக் குறிப்பதுதான். பட்டணத்தில் பிறந்து, பட்டணத்தில் வளர்ந்தபோதும் அவர்கள் அந்த ஊரை விடவில்லை.

தனம்மாளுக்குக் கிடைத்த பாடம் சாதாரணமானதல்ல. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் உருப்படிகள் அவருடைய பரம்பரையோடு பழகிய பாட்டி, தாய் வழியாக வீட்டுக்கே வந்து சேர்ந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் நேர்ச்சீடர் சுத்தமத்தளம் தம்பியப்பா. அவரிடம் கற்றவர் சாத்தனூர் பஞ்சநத அய்யர். பஞ்சநத அய்யரிடம் தனம்மாள் தீட்சிதர் கிருதிகளைப் பாடம் செய்தார். அதாவது, தீட்சிதருக்கும் தனம்மாளுக்கும் நடுவில் இரண்டே பேர். பார்வையற்ற இசைக்கலைஞர் பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களைக் கற்றார். ஜாவளிகளை இயற்றிய தர்மபுரி சுப்பராயர் இந்தக் குடும்பத்துக்கு மிகவும் நெருக்கமானவர். அவருடைய ஜாவளிகள் புதுக்கருக்கு மாறாமல் தனம்மாளின் கைக்கு வந்தன.

இளம் வயதில் தனம்மாளும் சகோதரி ரூபவதியும் பாட, சகோதரர் அப்பாக்கண்ணு பிடில் வாசித்தார். பிறகு தனம்மாளின் பெயருக்கு முன்னால் வீணை வந்து ஒட்டிக்கொண்டது. அதன்பின் அவரை வீணை இல்லாமல் யாரும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தது தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில் ரசிகர்கள் கூடுவார்கள். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, மிருதங்கம் போன்ற பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. தரையில் தனம்மாள், மடியில் வீணை, எதிரே கேட்பவர்கள். கூடத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி இருக்க வேண்டும். அந்த அமைதிக்கு அவர் கண்டிப்பானவர்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் அவருடைய வாசிப்பிலேயே இருந்தது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. தண்டியின் மேல் மெழுகு பதித்து 24 மெட்டுகள் வைத்திருப்பார்கள். வாசிப்பதற்கு 4 தந்திகள், தாளத்துக்கும் சுருதிக்கும் 3 தந்திகள். வைணிகர்களில் பலர் வலக்கை விரல்களில் கம்பி வளையம் மாட்டிக்கொண்டு மீட்டுவார்கள். நாதம் கணீரென்று கடைசி வரிசைக்கும் கேட்கும். தனம்மாள் வளையம் எதுவும் மாட்டாமல் வெறும் விரலால் மீட்டினார். நாதம் சின்னதாகத்தான் வரும். ஆனால் உலோகத்தின் உரசல் அதில் இருக்காது.

இடக்கையில்தான் அவருடைய வித்தை. தந்தியை மெட்டின் மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மீட்டில் இரண்டு மூன்று சுரங்கள் பேசும். மெட்டுக்கு மெட்டு வழுக்கினால் ஜாரு. ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையில் நாதம் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேயும் நாதத்தை வீணடிக்காமல், அதன் கடைசி இழை வரை கமகத்தை ஓட்டுவதுதான் வீணையின் அழகு. தனம்மாள் வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடவும் செய்வார். தந்தி ஓயும் இடத்தைக் குரல் ஏந்திக்கொள்ளும். குரல் நிற்கும் இடத்தில் தந்தி தொடரும். இரண்டில் எது பாட்டு, எது வீணை என்று பிரித்தறிய முடியாத அந்தச் சேர்க்கைக்காகத்தான் பட்டணத்து வித்துவான்கள் வெள்ளிக்கிழமையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வந்தார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை வந்தார். வடநாட்டு கிரானா கரானாவின் மேதை அப்துல் கரீம்கான் சென்னை வந்தபோது இந்த வீட்டுப் படி ஏறினார். அவரவர் ஊரில் ஆயிரம் பேரைக் கட்டிப்போடும் வித்துவான்கள், இங்கே தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் விரிப்பது தனம்மாளின் வழி அல்ல. ராகத்தின் உயிர் எந்தப் பிடியில் இருக்கிறதோ அந்தப் பிடியை எடுத்து வைப்பார். சின்ன உருப்படியில் பெரிய ராகம் முழுதாகத் தெரியும்.

அவருடைய அறுபதுகளில், 1930-களின் தொடக்கத்தில், கொலம்பியா கம்பெனி அவருடைய வாசிப்பைச் சில இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான் அன்றைய தட்டின் கொள்ளளவு. கரகரப்பைத் தாண்டிக் காதைக் கொடுத்தால் அந்த விரலும் குரலும் இன்றும் கிடைக்கின்றன. இசை மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அவற்றைக் கேட்க வேண்டும். அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய திறமை என்பது அந்த மூன்று நிமிடத்தில் புரியும்.

வெளியே வீசிய காற்று

தனம்மாள் வாழ்ந்தது 1867 முதல் 1938 வரை. அவர் பிறந்த குலத்துப் பெண்களின் வாழ்வு தலைகீழாக மாறிய காலம் சரியாக அதுதான். 1890-களில் சென்னையில் சதிர்க் கச்சேரிகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. கல்யாணங்களில் ஆடல் வைத்தவர்கள் வைப்பதை நிறுத்தினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் நடத்திய போராட்டம் பல கட்டங்களைத் தாண்டி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமாக 1947-இல் முடிந்தது. விருப்பம் கேட்காமல் சிறுமிகளின் வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு வழக்கம் ஒழிந்தது நல்லதே. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த அலையில், வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் கலையும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. சபாக்கள் பெருகின. சங்கீதத்தின் மையம் ஜார்ஜ் டவுனிலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் நகர்ந்தது. ஒலிபெருக்கியும் பெரிய அரங்கமும் வந்தன. தாய்வழி வீடுகளில் வளர்ந்த கலைஞர்கள் பலர், தாங்கள் யார் வீட்டுப் பெண் என்று சொல்லவே தயங்கும் நிலை வந்தது. எத்தனையோ வீடுகளில் பாட்டி பாடியதைப் பேத்தி மறந்தாள். சில வீடுகளில் பேத்திக்குச் சொல்லவே இல்லை.

தனம்மாள் வீடு அப்படி ஆகவில்லை. பணக்கஷ்டம் அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆதரித்த பணக்காரர்கள் குறைந்தார்கள். ஆனாலும் பாடாந்தரத்தில் ஒரு சங்கதியைக்கூடச் சபைக்காக மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. பதத்தைப் பாட வேண்டிய விளம்ப காலத்தில்தான் பாட வேண்டும். கைதட்டலுக்காக வேகம் கூட்டக் கூடாது. சொல்லை உடைக்கக் கூடாது. இந்த நியதி அந்த வீட்டுக்குள் தளர்ந்ததே இல்லை.

மகள்களும் பேத்திகளும்

தனம்மாளுக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. நால்வரும் பாடகிகள். இத்தகைய வீட்டில் பாதிப் பாடம் கேள்வி ஞானம். காலையில் ஒரு மகள் சாதகம் செய்வாள். மாலையில் அம்மா வீணையை எடுப்பாள். சமையற்கட்டில் இருக்கும் பேத்திக்கு அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். தவறாகப் பாடினால் திருத்துவதற்கு ஆள் எப்போதும் பக்கத்திலேயே உண்டு. ஒரு பதத்தின் பல்லவி மட்டுமே பல நாள் பாடமாகும். முதலில் சொல், பிறகு சங்கதி, பிறகு சங்கதிக்கும் சங்கதிக்கும் நடுவில் நிற்கும் கார்வை. தாளை வைத்து எழுதிக்கொள்வது பிற்காலத்துப் பழக்கம். அங்கே நினைவுதான் ஏடு.

காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி. பிருந்தா 1912-இல் பிறந்தவர். வீட்டுப் பாடம் மட்டும் போதாது என்று, லயத்தில் புலியாகப் பேர் வாங்கிய காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பிருந்தாவையும் முக்தாவையும் கற்க வைத்தார்கள். நாயனாப் பிள்ளையிடம் தியாகராஜர் கிருதிகளும் திருப்புகழும் மலைபோல் குவிந்திருந்தன. பாட்டி வீட்டுப் பதத்தின் நிதானமும் காஞ்சிபுரத்துக் கணக்கும் சேர்ந்ததுதான் பிருந்தா – முக்தா சகோதரிகளின் பாட்டு. அபிராமசுந்தரி வயலின் எடுத்தார்.

ஜெயம்மாளின் மகள் பாலசரஸ்வதி. 1918 மே 13-இல் பிறந்தவர். குழந்தைக்கு ஆட்டத்தில் ஆசை. மயிலாப்பூர் கௌரி அம்மாளின் அபிநயத்தைப் பார்த்து அந்த ஆசை வைராக்கியமானது. சதிருக்கு ஊரே முகம் சுளித்த காலம் அது. குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஜெயம்மாள் அசையவில்லை. தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் குழந்தையை ஒப்படைத்தார். 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது.

பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: அவர் பாடிக்கொண்டே அபிநயம் பிடிப்பார். பின்பாட்டு ஜெயம்மாள், அதாவது சொந்தத் தாய். பாட்டி வீணையை மீட்டிக்கொண்டே பாடினார், பேத்தி ஆடிக்கொண்டே பாடினார். பாலாவின் தம்பி விசுவநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழல் பயின்றவர். கச்சேரி நடுவில் குழலை இறக்கிவிட்டு அதே வரியைக் குரலில் பாடிக் காட்டுவது அவருக்கு வழக்கம். வாத்தியம் எதுவானாலும், கலை எதுவானாலும், அடியில் ஓடுவது பாட்டாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது யாரும் எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கூடத்தில் கேட்டார்களே, அது போதும்.

பாட்டிக்குப் பின்

1938 அக்டோபர் 15-இல் தனம்மாள் காலமானார். 71 வயது. அப்போது பாலாவுக்கு 20, பிருந்தாவுக்கு 25. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1934-இல், பாலா கல்கத்தா மேடையில் ஆடித் தென்னாட்டு ஆடலை வடநாட்டுக்குக் காட்டியிருந்தார். பாட்டி கண்மூடும்போது பேத்திகள் காலூன்றி நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிந்திய கதை உங்களில் பலருக்குத் தெரியும். பதம் கற்க வேண்டும் என்றால் பிருந்தம்மாவிடம்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தது. செம்மங்குடி சீனிவாச ஐயர், எம்.எஸ். சுப்புலட்சுமி, ராம்நாடு கிருஷ்ணன் போன்ற பெரிய வித்துவான்களும் அவரிடம் பாடம் கேட்டார்கள். அடுத்த தலைமுறையில் அருணா சாய்ராம் கற்றார். பிருந்தா அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றவர். அவர் 1960-களிலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். பின்னர் விசுவநாதனும் அங்கே சேர்ந்தார். லட்சுமிரத்னத்தின் மகன் சங்கரன் அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். குடும்பத்து நினைவுகளையும் பழைய கலைஞர்களின் சரித்திரத்தையும் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை.

மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பாலசரஸ்வதிக்கு 1973-இலும், பிருந்தாவுக்கு 1976-இலும், விசுவநாதனுக்கு 1988-இலும் கிடைத்தது. ஒரே பாட்டியின் பேரன் பேத்திகள் மூவர். பாலாவுக்கு 1957-இல் பத்மபூஷண், 1977-இல் பத்மவிபூஷண். சத்யஜித் ராய் 1976-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பாலாவின் மகள் லட்சுமியும், லட்சுமியின் மகன் அனிருத்தாவும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இந்தப் பட்டியலைச் சாதனை வரிசையாக மட்டும் படித்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். பொதுவாக நாம் சங்கீத சரித்திரம் எழுதும்போது சபா தொடங்கிய ஆண்டு, மாநாடு கூடிய ஆண்டு, விருது கொடுத்த ஆண்டு என்று எழுதுகிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன், அவை தேவைதான். ஆனால் க்ஷேத்ரய்யா பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய பதங்கள் அதே நடையோடு இருபத்தோராம் நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்ததற்கு எந்தச் சபாவும் காரணமல்ல. பாலதாஸ் நாயுடு ஒரு பெண்ணுக்குச் சொன்னார். அவள் மகள்களுக்குச் சொன்னாள், மகள்கள் பேத்திகளுக்குச் சொன்னார்கள், பேத்திகள் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். இடையில் எங்காவது ஒரு தாய், ‘இந்தக் காலத்துக்கு இது எதற்கு, விடு’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படிச் சொல்வதற்கு அந்தக் குடும்பத்துக்கு நியாயமான காரணங்கள் ஏராளம் இருந்தன. பழிச்சொல் இருந்தது, பணமுடை இருந்தது, மாறிக்கொண்டிருந்த ரசனை இருந்தது. சொல்லாமல் இருந்ததுதான் தனம்மாள் நமக்குச் செய்த உபகாரம்.

வீட்டுக்கு ஒரு பெரியவள் இருந்து, இதுதான் நம் அளவு, இதற்குக் கீழே இறங்காதே என்று வாழ்ந்து காட்டினால், மூன்று தலைமுறைக்கு அது தாங்கும். தனம்மாள் வீட்டுக் கதை எனக்குச் சொல்வது இதைத்தான். தஞ்சையிலிருந்து பட்டணம் வந்த மற்ற குடும்பங்களிலும் இப்படிப்பட்ட பாட்டிகள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் தட்டிலும் ஏறவில்லை, ஏட்டிலும் ஏறவில்லை. வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது அத்தகைய ஒரு மூதாட்டியின் பாடாந்தரமோ, கைப்பட எழுதிய பாட்டு நோட்டோ, பழைய புகைப்படமோ இருந்தால், தயவுசெய்து அதைப் பத்திரப்படுத்துங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்துக்குப் போவோம். தனகோடி அம்மாள் சகோதரிகளின் வீடு அங்கே நமக்காகக் காத்திருக்கிறது. பிருந்தாவுக்கும் முக்தாவுக்கும் குருவான நாயனாப் பிள்ளை அந்தச் சகோதரிகளில் ஒருவரின் மகன். அவருடைய சங்கீதமும் ஒரு தாய்வீட்டில் தொடங்கியதுதான்.

(தொடரும்)